டேனரிக்குள் டிஎல்ஓபன்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோலின் பரப்பைச் சதுர அடியில் அளக்கும் இயந்திரங்களுக்குக் காட்பாடியிலிருந்து சி மொழியில் மென்பொருள் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு விதமாகத் தரவு அனுப்பும். அதனால் இயந்திரத்துக்கு ஒரு லைப்ரரி, அதாவது தனிக் கோப்பாக இருக்கும் நிரல் தொகுப்பு. லினக்ஸில் நிரல் ஓடத் தொடங்கிய பிறகு டிஎல்ஓபன் (dlopen) என்ற ஃபங்ஷன் அதை ஏற்றுகிறது. பல ஆண்டுகளாக இதே ஏற்பாடுதான். தாராளமாகப் பரிந்துரைப்பேன், பிழை கையாளும் பகுதியை முதலில் எழுதுபவர்களுக்கு மட்டும்.

டிஎல்ஓபன் 'நல்' (NULL, வெற்று மதிப்பு) திருப்பினால் ஏற்ற முடியவில்லை என்று பொருள். காரணத்தை டிஎல்எரர் (dlerror) என்ற ஃபங்ஷன் சொல்லும், ஒரே ஒரு முறை. சரிபார்க்கும் இஃப் வரியில் ஒரு தடவை, அச்சிடும் பிரிண்ட்எஃப் வரியில் இன்னொரு தடவை அழைத்தால் இரண்டாவதில் 'நல்' மட்டுமே மிஞ்சும். முதல் அழைப்பிலேயே மாறியில் வாங்கிவிட வேண்டும். ஏற்றிய லைப்ரரிக்குள் ஒரு குறியீட்டை (ஃபங்ஷன் அல்லது மாறியின் பெயரை) தேடித் தரும் டிஎல்சிம் (dlsym) விஷயம் இன்னும் நுட்பமானது. அது தேடும் குறியீட்டின் மதிப்பே 'நல்' ஆக இருக்கலாம். ஆகவே டிஎல்எரரை அழைத்துப் பழைய செய்தியைத் துடைத்து, டிஎல்சிம்மை அழைத்து, மறுபடி டிஎல்எரரைப் பார்ப்பதே சரியான வரிசை.

"தம்பி, ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறதே?" என்று ஒரு டேனரி மேற்பார்வையாளர் போனில் கேட்டார். செய்தியை முழுதாகப் படிக்கச் சொன்னேன். அதில் இருந்த பெயர் எங்கள் லைப்ரரியுடையது அல்ல. அது சார்ந்திருக்கும், யூஎஸ்பி கருவிகளோடு பேச உதவும் லிப்யூஎஸ்பி என்ற வேறொரு லைப்ரரியுடையது. ஒரு லைப்ரரி எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று பட்டியலிடும் எல்டிடி (ldd) கட்டளையும் அதைத்தான் காட்டியது. எந்தெந்த இடங்களில் தேடிப் பார்த்தது என்று அறிய நிரலை ஓட்டும் முன் 'எல்டி_டீபக்=லிப்ஸ்' (LD_DEBUG=libs) என்ற சூழல் மாறியை அமைத்தால் போதும்.

டிஎல்ஓபனுக்குக் கொடுக்கும் தேர்வுகளில் என் அழுத்தமான பரிந்துரை 'ஆர்டிஎல்டி_நவ்' (RTLD_NOW). லைப்ரரிக்குத் தேவையான ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் அது ஏற்றும்போதே தேடிவிடும். 'ஆர்டிஎல்டி_லேசி' கொடுத்தால், இல்லாத ஃபங்ஷன் முதன்முறை அழைக்கப்படும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது டிஎல்எரரைக் கேட்க வாய்ப்பே இல்லை. நிரல் அந்த இடத்திலேயே முடிந்துபோகும், பாதி அளந்த தோல் இயந்திரத்தில் நிற்கும். 'நவ்' கொடுத்தால் காலையில் நிரலைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். ஷிப்ட் தொடங்குவதற்குள் சரிசெய்யலாம். ஏற்றுவதற்குக் கூடுதலாகும் நேரம் எங்கள் வேலையில் ஒரு பொருட்டே அல்ல.

2021இல் வந்த ஜிலிப்சி (glibc, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 முதல், நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும்போது (லிங்க் செய்யும்போது) டிஎல்ஓபன் முன்பு இருந்த லிப்டிஎல்லைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. பழைய கணினிகளுக்காக நாங்கள் இன்னும் சேர்க்கிறோம்.

ஒரு குறை எனக்கு உண்டு. டிஎல்எரர் தருவது வெறும் வாக்கியம். பிழை எண் கிடையாது. கோப்பு இல்லையா, குறியீடு இல்லையா என்று நிரல் தானே பிரித்தறிய வழியில்லை. அதனால் அந்த வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் லாக் கோப்பில் எழுதுகிறோம். திரையில் "அளவு இயந்திரத்தின் லைப்ரரி ஏறவில்லை" என்று தமிழில் காட்டுகிறோம்.