ஊரில் அன்னதானம் வைக்கிறீர்களா? எச்சில் இலைக்கும் வழி பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் பலர் கோயில் அன்னதானம், பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பந்தல், சமையல், பரிமாற ஆள் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிந்துவிடும். குப்பை மட்டும் பேச்சில் வராது. சமையல்காரர் பாத்திரத்தைத்தான் ஏற்றிப் போவார். இலையும் டம்ளரும் கோயில் பின்புறம் கிடக்கும்.

உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால், குறைந்தது 3 வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைப்பதும் நடத்துகிறவர் பொறுப்பு. கோயில் திடல், தெரு, தோப்பு என்றால் இதை மறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குத் திங்கட்கிழமையே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கிராமம் என்றால் ஊராட்சிச் செயலர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகரம் என்றால் வார்டு சுகாதார ஆய்வாளர். தேதி, இடம், எத்தனை பேர், பந்தி முடியும் நேரம், பொறுப்பாளர் கைபேசி எண் இவ்வளவும் எழுதி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதில் பந்தி முடியும் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பெரும்பாலும் எல்லாம் கெடுவது அங்கேதான். குப்பை வண்டி வருவது காலையில். பந்தி முடிவதோ மாலை மூன்று மணிக்கு. இடையில் ஓர் இரவு முழுக்கக் குவியல் திறந்து கிடந்தால் நாய் இழுக்கும், மாடு இலையோடு பிளாஸ்டிக்கையும் தின்னும். மாலையில் ஒரு நடை வண்டி அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டணம் கேட்டால் ரசீதோடு கட்டிவிடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் மூடியுள்ள 200 லிட்டர் டிரம்களில் போட்டு மூடி வையுங்கள். கொளுத்தக் கூடாது, விதியிலும் தடைதான்.

ஒரு இலையும் மிச்சச் சோறும் சேர்ந்து 150 முதல் 200 கிராம் வரும் என்று வையுங்கள். ஐந்நூறு பேர் சாப்பிட்டால் நூறு கிலோவைத் தொடும். இதற்கு மூன்று, நான்கு டிரம் வேண்டும். இலை டிரம் கைகழுவும் குழாய்க்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. பின்னால் வைத்தால் இலையோடு பாட்டிலும் டிஷ்யூவும் ஒரே டிரம்மில் விழும். ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் ஒரு ஆள் நிற்கட்டும்; எழுதி ஒட்டிய அட்டையை யாரும் படிப்பதில்லை.

வாங்கும்போதே பாதிக் குப்பையைத் தவிர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. தடிமன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், காகிதத் தட்டு, மேசை விரிப்பு, தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். கடைக்காரர் 'பேப்பர்தான்' என்பார். கப்பின் விளிம்பைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய படலம் உரிந்து வந்தால் அது பிளாஸ்டிக். தாம்பூலப் பையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துணி போலவே இருக்கும் அந்த வழவழப் பை பாலிபுரொப்பிலீன், அதற்கும் தடை. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினால் சாம்பலாகாமல் உருகிச் சுருளும். பருத்தி மஞ்சப்பை விலை கூடுதல்தான், ஆனால் வீட்டில் வருஷக்கணக்கில் புழங்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பாத்திர வாடகைக் கடையிலேயே டம்ளர் கிடைக்கும். கழுவ இரண்டு பேருக்குக் கூலி பேசிவிடுங்கள்.

உள்ளாட்சி மக்கும் குப்பையை அரைத்து உரமாக்கும் நுண் உர மையம் பக்கத்தில் இருந்தால் இலை நேரே அங்கே போகலாம், கலப்பில்லாமல் இருந்தால். பூமாலை கோத்த நைலான் நூல், இலைக்கட்டைக் கட்டிய பிளாஸ்டிக் கயிறு இரண்டையும் முதலிலேயே அறுத்து எடுத்துவிடுங்கள்; இலையை அரைக்கும் இயந்திரத்தில் அவைதான் சுற்றிக்கொள்ளும். தோப்பிலேயே குழி வெட்டுவதானால் நடுத்தண்டை நறுக்கிப் போட்டு, இலை ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, மேலே சாணிக் கரைசல் என்று நிரப்புங்கள். சாம்பார், ரசம் மிச்சத்தை வடித்துவிட்டே போடவும். ஈரம் மிஞ்சினால் குழி நாறும், ஈ மொய்க்கும்.