சந்தியாகப்பர் நடை: ஆள் குறைந்த வழி எது, படுக்கை கிடைக்கும் வழி எது?

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில் சிறுவயது முதல் நடந்து பழகியவர்கள் நாங்கள். ஸ்பெயினில் இருக்கும், இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறைக்கு மட்டும் அமைதியாக நடந்து போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பினாங்கு வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான்.

அங்கே போகும் வழிகளில் பலரும் நடப்பது பிரெஞ்சு வழி, சுமார் 780 கிலோமீட்டர். தங்குமிடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் உண்டு என்பதால் சாரியா ஊரிலிருந்து கூட்டம் சேர்ந்துவிடும். அதை விட்டுவிட்டோம்.

அமைதி என்று பார்த்தால் செவில்லாவில் தொடங்கும் பிளாட்டா வழிக்கு ஈடில்லை. கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். மணிக்கணக்கில் ஆளே தென்படாத வெட்டவெளி. ஆனால் ஆள் குறைந்தால் படுக்கையும் குறைகிறது. சில இடங்களில் அடுத்த தங்குமிடம் 30 கிலோமீட்டர் தள்ளி. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஒதுங்க மரமும் இருக்காது. அக்காவுக்கு வயது 58. அங்கே அழைத்துப்போக எனக்குத் துணிவில்லை.

பிரிமிட்டிவோ என்ற இன்னொரு வழி எங்களுக்குச் சரியாக வருகிறது. ஒவியேதோவிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர், இரண்டு வாரம். 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அல்போன்சோ மன்னர் போன வழி என்பார்கள். சிரமம் மலைதான். ஒஸ்பித்தாலெஸ் என்ற பகுதியில் 1,100 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிப் போக வேண்டும். கடையோ ஊரோ கிடையாது, தண்ணீர் சுமந்துதான் போக வேண்டும். மூடுபனி என்றால் போலா தெ அய்யாந்தே ஊர் வழியாகக் கீழே போவதே நல்லது. மலையேற்றத்துக்குப் பழக, ஞாயிறுதோறும் பினாங்குத் தண்ணீர்மலையிலிருந்து கொடிமலைக்கு ஜீப் சாலையில் பை சுமந்து ஏறுகிறோம். கொடிமலை 833 மீட்டர்தான், ஆனாலும் இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தங்குமிடம். அரசும் ஊராட்சியும் நடத்தும் அல்பெர்கே என்ற யாத்திரிகர் விடுதிகளில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்குப் படுக்கை, ஓர் இரவு மட்டும். தனியார் இடங்களில் பதிவு செய்யலாம். எல்லா இரவுக்கும் பதிந்துவிட்டால் கால் வலித்தாலும் நிற்க முடியாது. அதனால் மலைக்கு முந்தின இரவும் பிந்தின இரவும் மட்டும் பதிகிறோம். மெலிதே ஊரில் பிரெஞ்சு வழிக் கூட்டம் வந்து சேருவதால், அங்கிருந்து கடைசிவரைக்கும் பதிவு உண்டு.

2027 வேண்டாம். அந்த ஆண்டு ஜூலை 25, சந்தியாகப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் புனித ஆண்டு. எந்த வழியிலும் நெரிசல் கூடும்.