மத்தியச் சிறையா, திறந்தவெளிச் சிறையா? சாங்கானேரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மத்தியச் சிறையிலேயே காலத்தைக் கழிப்பதா, மதிலும் காவலும் குறைந்த திறந்தவெளிச் சிறைக்கு மாற விண்ணப்பிப்பதா என்ற கேள்வி, தண்டனைக் கைதிகளுக்கு மனு எழுதித் தரும் என்னிடம் அடிக்கடி வருகிறது. விண்ணப்பிக்கச் சொல்வதே என் வழக்கம். ஆனால் திறந்தவெளிச் சிறை என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றுள் ராஜஸ்தானின் சாங்கானேர் முறையின் பக்கமே நான் சாய்கிறேன்.

நெரிசலையும் செலவையும் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் சுமார் 5.73 லட்சம் பேர், அதாவது கொள்ளளவைப் போல் 131 விழுக்காட்டினர் இருந்தார்கள். மதிலும் காவலும் குறைந்தால் செலவு குறையும் என்பதும் தெரிந்ததே. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது, அந்த ஆண்டுகளில் கைதியின் குடும்பம் என்ன ஆகிறது என்ற கேள்விதான்.

மத்தியச் சிறையில் கணவனை மனு பார்க்க, அதாவது மனு கொடுத்துச் சந்திக்க, வரும் பெண், அன்றைய கூலியை இழந்து, பேருந்துக்கும் செலவழித்து, சில நிமிடங்கள் கம்பிக்கு அப்பாலிருந்து பேசிவிட்டுத் திரும்புகிறார். சிறை வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் ஒரு வீட்டை நடத்தப் போதாது என்பதால் மூத்த பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போவதும், ஆண்டுகள் ஏற ஏறச் சந்திப்புகள் அருகுவதும், இடையில் வரும் பரோல் நாட்கள் கடன் பஞ்சாயத்திலேயே கழிவதும் இத்தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகக் காண்பவை. தண்டனை ஒருவருக்கு என்று தீர்ப்பு சொன்னாலும் அதை வீடே சேர்ந்து அனுபவிக்கிறது.

கோவை சிங்காநல்லூர், சிவகங்கை மாவட்டப் புரசடை உடைப்பு ஆகிய இடங்களிலுள்ள தமிழகத் திறந்தவெளிச் சிறைகளில் கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் நடமாட்டமும் கிடைக்கின்றன, அது சிறிய விஷயமல்ல. எனினும் குடும்பம் வெளியிலேயே இருக்கிறது.

சாங்கானேர் வேறுபடுவது இங்கேதான். உத்தரப் பிரதேச அரசில் இருந்தபோதே திறந்தவெளி முகாம்களைத் தொடங்கிய சம்பூர்ணானந்த், ராஜஸ்தான் ஆளுநராக இருந்த காலத்தில், 1963-இல் ஜெய்ப்பூரையொட்டி உருவானது அந்த முகாம். தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த கைதிகள், 1972-ஆம் ஆண்டு விதிகளின்படி தேர்ந்தெடுக்கப்பட்டு, மனைவி மக்களோடு அங்கே குடியிருக்கிறார்கள். பகலில் வெளியே சென்று உழைத்து, மாலை வருகைப் பதிவுக்குத் திரும்புகிறார்கள். அரசு சோறு போடுவதில்லை. சம்பாதித்தே உண்ண வேண்டும். அன்றாட ஒழுங்கைக் கைதிகளின் பஞ்சாயத்தே கவனிக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது, வீட்டு வருமானம் நிற்பதில்லை, விடுதலை நாளில் அந்நியராக ஊர் திரும்ப வேண்டிய நிலையும் இல்லை.

இதற்கு எல்லைகளும் உண்டு. நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தவர்களே அங்கே போவதால், அவர்கள் தப்பி ஓடாமலிருப்பதை வைத்து எல்லாக் கைதிகளையும் அப்படி வைக்கலாம் என்று வாதிட முடியாது. பல குற்றப் பிரிவுகளின்கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. நாட்டின் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு இந்த வழியே இல்லை, ஜாமீன் நடைமுறை மாறினால்தான் விடிவு. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் இதை எப்படிப் பார்க்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. கொலை வழக்கில் அவர்கள் கொதிப்படைந்தால் அதை நியாயமற்றது என்று சொல்லமாட்டேன்.

இருப்பதைக் காப்பதும் எளிதாக இல்லை. திறந்தவெளிச் சிறைகளின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், சாங்கானேர் நிலத்தின் ஒரு பகுதி மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டு, அது நீதிமன்ற அவமதிப்பு மனுவரை சென்றது.

தமிழகத்தில் இன்று விண்ணப்பிக்கும் கைதிக்குக் குடும்பத்தோடு வாழும் வாய்ப்பு இல்லை என்பதால், வீட்டார் மனு பார்க்க வருவதற்கு எந்தச் சிறை பக்கம் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் விண்ணப்பம் எழுதுகிறேன். உறவுகள் ஏற்கெனவே அறுந்துபோனவருக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. அவர் தயங்காமல் மாறலாம்.