கேனன் ஆர்8: 200டில இருந்து புல் பிரேமுக்குப் போறவங்க எதை வாங்கணும், எதை விடணும்

மொதல்லயே சொல்லிடுறேன், இது கேனன்ல 200டி, 750டி, 1500டின்னு ஏதாவது ஒரு கிராப் சென்சார் (சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர், கூட 18-55, 55-250ன்னு வர்ற அந்த டபுள் கிட் லென்ஸ், அப்புறம் எல்லார் பேக்லயும் இருக்குற 50 எம்எம் 1.8, இவ்ளோத்தையும் வச்சிக்கிட்டு அடுத்து பெரிய சென்சார் இருக்குற புல் பிரேம் போலாமா வேணாமான்னு ராத்திரி பூரா யூட்யூப் பாத்துட்டு இருக்கவங்களுக்கான ரிவ்யூ. சோனி, நிக்கான் ஆளுங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்ல, கோச்சுக்காதீங்க.

என்கிட்ட இருந்தது 200டி மார்க் 2. இப்ப வாங்கினது ஆர்8, மிர்ரர்லெஸ் கேமரா, பாடி மட்டும். கிட் லென்ஸோட வாங்கல. ஏன் வாங்கலங்கிறதுதான் இந்த ரிவ்யூல உருப்படியான விஷயம், அதுக்கு வரேன்.

பாடியப் பத்தி ரொம்ப இழுக்க வேணாம். 2023ல வந்தது, இதுக்கு மேல் மாடலான ஆர்6 மார்க் 2ல இருக்குற அதே 24.2 மெகாபிக்சல் சென்சாரை எடுத்து பழைய ஆர்பி கேமரா பாடிக்குள்ள வச்சிட்டாங்க. பேட்டரி கார்டு எல்லாம் சேத்து 461 கிராம், 200டி மார்க் 2 449 கிராம், அதாவது கழுத்துக்கு வித்தியாசமே தெரியாது. வெலய கொறைக்க என்னென்னத்த கழட்டினாங்கன்னு பாத்தா: கை ஆட்டத்த சரிபண்ற ஸ்டெபிலைசேஷன் பாடிக்குள்ள கிடையாது, போகஸ் பாயின்ட்ட நகத்துற ஜாய்ஸ்டிக் கிடையாது, கார்டு ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு, பேட்டரி அதே சின்ன எல்பி-இ17. இதுல எது உங்களுக்கு இடிக்கும்னு வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சிடுங்க. நான் வடபழனி பக்கம் ஒரு வாடகைக் கடையில எடுத்து ஓட்டிப் பாத்துட்டுதான் முடிவு பண்ணேன், லட்சத்துக்கு மேல போற பொருளுக்கு வாடகைக் காசு ஒண்ணும் நஷ்டம் இல்ல.

வாடகைக்கு எடுத்தத நேரா செய்யாறு பக்கம் ஒரு ஊர்ல நடந்த பாரதக் கூத்துக்குத்தான் கொண்டுபோனேன். அங்க லைட்டுன்னா என்ன, நாலு டியூப் லைட்டு, ஓரத்துல ஒரு போகஸ் லைட்டு, மத்தபடி கும்மிருட்டு. துரியோதனன் வேஷம் கட்டினவரு கிரீடம் புஜக்கட்டையோட கிறுகிறுன்னு சுத்துறப்ப ஷட்டர் வேகத்த 1/320 நொடிக்கு கீழ எறக்கினா மூஞ்சி இழுத்துடும், லென்ஸ எஃப் 2ன்னு நல்லா தொறந்து வச்சாலும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கூட்டிக் காட்டுற அளவு) 6400, 8000ன்னு போகுது. 200டில 3200 தாண்டினாலே அரிதாரத்துல செவப்பு எது, நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளிப் புள்ளி) எதுன்னு தெரியாம கலங்கிடும். இதுல 8000லயும் கன்னத்துல வச்ச வெள்ளப் புள்ளி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. அதவிட போகஸ். 200டி வியூபைண்டர்ல மொத்தமே 9 பாயின்ட், அதுவும் நடுவுல கொத்தா இருக்கும், ஓரத்துல ஆள் வந்தா போகஸ் பண்ணிட்டு பிரேம நகத்தணும், அதுக்குள்ள ஆட்டக்காரர் அந்தப் பக்கம் போயிருப்பாரு. ஆர்8 கண்ணப் புடிச்சா விட மாட்டேங்குது, இவ்ளோ சாயம் பூசின மூஞ்சில கூட. ஒரு கொறை, கிரீடத்துல ஒட்டியிருக்குற கண்ணாடிச் சில்லுல லைட்டு பட்டு பளிச்னு அடிக்கிறப்ப சில நேரம் போகஸ் அங்க தாவிடுது, திரும்பி வர ஒரு நொடி ஆகும். பரவால்ல, பொழைக்கலாம்.

சரி, இப்ப கிட் லென்ஸ் விஷயம். ஆர்8 கூட கம்பெனி தர்றது ஆர்எஃப் 24-50, எஃப் 4.5ல இருந்து 6.3 வரைக்கும். சின்னதா 210 கிராம்ல அழகா இருக்கும், கடைக்காரரும் காம்போ வெல சொல்லி ஆசை காட்டுவாரு. ஆனா கணக்க பாருங்க. புல் பிரேம் சென்சார் 36க்கு 24 எம்எம், 864 சதுர எம்எம். நம்ம கிராப் சென்சார் 22.3க்கு 14.9, சுமாரா 332. ரெண்டரை மடங்குக்கு மேல வெளிச்சம் வாங்குது, ஸ்டாப் கணக்குல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) சொன்னா ஒண்ணே கால், ஒண்ணரைக்குள்ள. இதுக்குத்தான நாம அவ்ளோ காசு குடுக்குறோம்? இப்ப அதுல 50 எம்எம்ல எஃப் 6.3ன்னு ஒரு லென்ஸ மாட்டினா, வாங்கின வெளிச்சத்துல நல்லா ஒரு பங்கு வாசல்லயே போயிடுது. அதுக்கும் மேல, உங்க பழைய 18-55 கிராப் சென்சார்ல கிட்டத்தட்ட 29ல இருந்து 88 வரைக்கும் வேல செஞ்சுட்டு இருந்துச்சு, இந்தப் புதுசு 50லயே நின்னுடுது. அதாவது லட்ச ரூபா செலவு பண்ணி ஜூம் கொறஞ்சதுதான் மிச்சம். டிராவல் வ்லாக் பண்றவங்களுக்கு ஓகே, வெயில்ல நடந்துக்கிட்டே எடுக்க நல்ல லென்ஸுதான், இல்லன்னு சொல்லல. கல்யாணம் காதுகுத்து கூத்து திருவிழான்னு போறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

அந்தக் காசுல வாங்க வேண்டியது பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ ஆர்8ல மாட்ட உதவுற இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர். இது என்னமோ பெரிய விஞ்ஞானம்னு நெனைக்க வேணாம், உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் காத்து. டிஎஸ்எல்ஆர்ல லென்ஸ் மவுண்ட்டுக்கும் (லென்ஸ் மாட்டுற வாய்) சென்சாருக்கும் 44 எம்எம் தூரம், ஆர்8ல இருக்குற ஆர்எஃப் மவுண்ட்ல 20 எம்எம்தான், அந்த 24 எம்எம்ம நெரப்புற குழாய், கூட கரன்ட் போக கான்டாக்ட் பின். அதனால குவாலிட்டி கொறயுமான்னு கேக்காதீங்க, கொறயாது. கேனனோடதே வாங்கலாம், வில்ட்ராக்ஸ் மாதிரி வேற கம்பெனிதும் கொறஞ்ச வெலைக்கு கிடைக்கும், வாங்குறப்ப கடையிலயே மாட்டி ஆட்டிப் பாருங்க, லென்ஸ் லொடலொடன்னு ஆடினா வேணாம்னு வச்சிட்டு வந்துடுங்க. பேரம் பேசும்போது பேக்கு, மெமரி கார்டு எல்லாம் ஃப்ரீயா கேக்குறதுக்குப் பதிலா அடாப்டர்ல வெலய கொறைக்கச் சொல்லிக் கேளுங்க.

அடாப்டர் போட்டதும் உங்க பழைய லென்ஸ் எல்லாம் மாட்டும், ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேல செய்யாது, இதுலதான் நெறய பேரு கொழம்புறாங்க. லென்ஸ் பின்னாடி செவப்புப் புள்ளி இருந்தா அது இஎஃப், புல் பிரேமுக்கே செஞ்சது, முழு 24 மெகாபிக்சலும் கிடைக்கும். வெள்ளச் சதுரம் இருந்தா இஎஃப்-எஸ், கிராப் லென்ஸ், மாட்டின உடனே கேமரா தானா 1.6 கிராப்புக்குப் போயிடும், படம் 9 மெகாபிக்சல் சொச்சம்தான் வரும். ஆக டபுள் கிட் ரெண்டு லென்ஸும், 18-55, 55-250 ரெண்டுமே இங்க ஒப்புக்குச் சப்பாணிதான். 55-250 வச்சி வேடந்தாங்கல்ல கொக்கு நாரை எடுத்துட்டு இருந்தவங்க கவனிங்க, அது கிராப் பாடில 400 எம்எம் வரைக்கும் இழுத்துக் குடுத்துச்சு, ஆர்8ல அதே நெருக்கம் வேணும்னா 9 மெகாபிக்சல்ல வாங்கிக்கணும். பறவைதான் உங்க வேலன்னா புல் பிரேமே வேணாம், 32.5 மெகாபிக்சல் கிராப் சென்சார், பாடில ஸ்டெபிலைசேஷனோட வர்ற ஆர்7 பக்கம் போங்க.

50 எம்எம் 1.8 எஸ்டிஎம் இருக்கே, அதுக்குத்தான் மறுவாழ்வு. கிராப்ல அது 80 எம்எம் மாதிரி, வீட்டு ஹால்ல நிச்சயதார்த்தம் எடுக்கப் போனா முதுகு செவுத்துல இடிச்சும் தட்டுல இருக்குறதும் ஆளும் ஒரே பிரேம்ல வராது. இப்ப நெசமாவே 50, ரெண்டு அடி முன்ன போய் நிக்கலாம். இன்னொண்ணு, டிஎஸ்எல்ஆர் வியூபைண்டர்ல 1.8ல எடுத்தா கண்ணுக்குப் பதிலா காதுல போகஸ் விழும், லென்ஸும் பாடியும் அட்ஜஸ்ட் ஆகாத கோளாறு. மிர்ரர்லெஸ்ல சென்சார்லயே போகஸ் பாக்குறதால அந்தப் பிரச்சனையே இல்ல, அதே அஞ்சாறு வருஷப் பழைய லென்ஸு என்னமோ சர்வீஸ் பண்ணி வந்த மாதிரி ஷார்ப்பா அடிக்குது.

அடுத்து செகண்ட்ஹேண்ட்ல இஎஃப் 85 எம்எம் 1.8 யுஎஸ்எம். 1992ல வந்த லென்ஸு, நம்மாளுங்க டிஎஸ்எல்ஆர் செட்ட வித்துட்டு மாறுறதால இப்ப மார்க்கெட்ல நெறய கெடக்கு. புல்லா தொறந்து எடுத்தா நகை ஓரத்துல, வெள்ள வேட்டி ஓரத்துல ஊதாக் கலர் தெரியும், எஃப் 2.8க்கு கொண்டுபோனா போயிடும். பழசு வாங்குறப்ப மொபைல் டார்ச்ச பின்னாடி அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு பாருங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு, அதுவும் கடலோர ஊருல இருந்து வர்ற லென்ஸுன்னா நூல் மாதிரி படர்ந்திருக்கும். இருந்தா வெலய கொறைச்சாலும் வேணாம். இன்னொரு சந்தோஷம், இதுக்கு 58 எம்எம் பில்டர், உங்க 18-55ல இருந்து கழட்டினது அப்படியே ஏறும். ஆனா 50க்கும் 85க்கும் லென்ஸ்லயும் ஸ்டெபிலைசர் இல்ல, பாடிலயும் இல்ல, அதனால ஷட்டர் 100, 125க்கு கீழ போகாம பாத்துக்குங்க. கையில புடிச்சு வீடியோ எடுக்கவே எடுக்காதீங்க, எடுக்கணும்னா ஐஎஸ் (ஸ்டெபிலைசர்) இருக்குற லென்ஸ் வேணும்.

சிக்மா, டாம்ரான் வந்துடுச்சே வெல கம்மியாச்சேன்னு கேப்பீங்க. 2024ல ரெண்டு பேரும் ஆர்எஃப் மவுண்ட்ல லென்ஸ் அறிவிச்சது நெசம்தான், ஆனா அது கிராப் சென்சாருக்கானது. அதான் பழைய இஎஃப் லென்ஸ், அடாப்டர்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

பிளாஷ்: 200டில தலைல இருந்து எழும்புமே, அது இதுல இல்ல, அவசரத்துக்குக் கூட. காடாக்ஸ் பிளாஷ்ல கேனனுக்கான மாடல் வச்சிருந்தா அப்படியே மாட்டலாம், சிங்க் (பிளாஷோட ஒத்துப்போற ஷட்டர் வேகம்) 1/200 நொடி வரைக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல வச்சா பிளாஷ் அடிக்காது, ரிப்பேர்னு பதறாதீங்க. எலக்ட்ரானிக்ல வர்ற அந்த நொடிக்கு 40 பிரேம் எல்லாம் விளம்பரத்துக்கு நல்லாத்தான் இருக்கு, ரிசப்ஷன் மேடைல எல்இடி வால் முன்னாடி எலக்ட்ரானிக்ல போட்டா படத்துல பட்டை பட்டையா கோடு விழும், 6 பிரேம் போதும்னு எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கே வந்துடுங்க, இதுல முழு மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது.

கார்டுக்கு வர்றேன். போட்டோ மட்டும்னா வி30ன்னு (கார்டோட வேக அளவு) எழுதின நல்ல கார்டு போதும், 4கே 60ல 10 பிட் வீடியோ எடுக்கணும்னா வி60. ஸ்லாட் ஒண்ணுதான்கிறதால 256ல ஒண்ணு வாங்குறதுக்கு 64ல நாலு வாங்கி சடங்குக்கு ஒண்ணா மாத்துறது நிம்மதி.

பேட்டரிதான் இதோட பெரிய நோவு. 1040 எம்ஏஎச், ஆர்6 மார்க் 2ல போடுறது 2130. எலக்ட்ரானிக் வியூபைண்டர்ல கண்ண வச்சிக்கிட்டே இருந்தா கடகடன்னு எறங்குது, கூத்துல அர்ஜுனன் மேடைக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு காலி. நல்ல வேளையா 200டி, 750டில போடுறதும் இதே எல்பி-இ17தான், பழசெல்லாம் ஒதவும். 1500டிகாரங்களுக்கு அந்த லாபம் இல்ல, அது வேற பேட்டரி. டைப்-சி கேபிள்ல சார்ஜ் ஏத்தலாம், ஆனா பிடி (பவர் டெலிவரி) சப்போர்ட் இருக்குற சார்ஜர், பவர்பேங்கா பாத்து வாங்குங்க. இன்னொரு சாமான் இஜி-இ1ன்னு ஒரு சின்ன கிரிப்பு, ஆர்பிக்கு செஞ்சது, இதுக்கும் சேரும். சுண்டு விரல் தொங்காம நிக்க ஒரு எடம், அவ்ளோதான், ஆனா 85 மாட்டி ரெண்டு மணி நேரம் புடிச்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

கடை அனுபவத்தையும் சொல்லணும். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில, பேரு வேணாம், "சார் காம்போவா எடுத்துக்குங்க சார், எல்லாம் அதுலயே வந்துடும்"னு ஒரு பேக்கு, பேரே கேள்விப்படாத பேட்டரி ரெண்டு, ட்ரைபாடு, 67 எம்எம் பில்டர் ஒண்ணுன்னு அடுக்கிட்டாரு. அண்ணே, நான் வாங்குற பாடிக்கு லென்ஸே வாங்கல, 67 எம்எம் எதுல மாட்டுவேன்னு கேட்டேன், "பின்னாடி யூஸ் ஆகும் சார்"ங்குறாரு. அந்த ட்ரைபாட விரிச்சுப் பாத்தா காத்தடிச்சா கேமராவோட சேந்து பறக்கும் போல. பில்லு வேணாம்னா வெல கொறையும்னு வேற சொன்னாரு, கேமராக்கு ஜிஎஸ்டி 18 பர்சன்ட், அது கொறஞ்சா ஆசைதான், ஆனா பில்லு இல்லாம நாளைக்கு வாரண்டிக்கு எங்க போய் நிப்பீங்க. வெளிய வந்து வேற கடையில பில்லோட பாடி, அடாப்டர் ரெண்டு மட்டும் எடுத்தேன்.

மெயின் போட்டோகிராபரா, கல்யாண ஆர்டர் முழுசும் உங்க தலைலன்னா ஆர்8 மட்டும் நம்பிப் போகாதீங்க. தாலி கட்டுறப்ப அந்த ஒரே கார்டு மக்கர் பண்ணா மாப்பிள்ளைய இன்னொரு தடவ கட்டச் சொல்ல முடியாது. கொஞ்சம் சேத்து வச்சு ரெண்டு ஸ்லாட்டு, ஸ்டெபிலைசேஷன் எல்லாம் இருக்குற ஆர்6 மார்க் 2 எடுங்க. செகண்ட்ஹேண்ட் 6டி மார்க் 2 கம்மியா வருதேன்னு சிலர் சொல்வாங்க, 2017 மாடல், படம் நல்லாத்தான் வரும், ஆனா 4கே கிடையாது, இஎஃப்-எஸ் லென்ஸ் அதுல மாட்டவே மாட்டாது, இன்னைக்கு தேதிக்கு நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

பழைய 200டிய விக்கல. ஓஎல்எக்ஸ்ல கேக்குற வெலையப் பாத்தா வயித்தெரிச்சல்தான், அதுக்கு ரெண்டாவது பாடியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். 85ம் 50ம் அதுல அடாப்டர் இல்லாமலே ஏறுது, பேட்டரி ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம், 55-250 நிரந்தரமா அதுலயே மாட்டிக் கெடக்கு, பைல ஒரே சார்ஜர்தான் போகுது.