ஒரு குட்டித் தீவு, மூன்று கூட்டணிகள்: எது கைகொடுக்கிறது?

கரீபியக் கடலில் டொமினிக்கா என்றொரு தீவு நாடு இருக்கிறது. டொமினிக்கன் குடியரசு வேறு, அது பெரிய நாடு. டொமினிக்காவில் வாழ்வது சுமார் 70 ஆயிரம் பேர்தான். நம்மூர் நகராட்சிகள் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அதற்குத் தனிக்கொடி உண்டு, தனி நாடாளுமன்றம் உண்டு, ஐ.நா. பொதுச்சபையில் இந்தியாவுக்கு இருப்பதுபோல ஒரு ஓட்டும் உண்டு.

இத்தனை சிறிய நாடு தனியாகக் காலம் தள்ள முடியாது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. யாரோடு சேர்வது என்பதுதான் கேள்வி. டொமினிக்கா அதற்கு ஒரு பதிலோடு நிற்கவில்லை, மூன்று கூட்டணிகளில் கால் வைத்தது. முதலாவது ஓ.இ.சி.எஸ். எனப்படும் கிழக்குக் கரீபிய நாடுகள் அமைப்பு. இரண்டாவது, ஜமைக்கா, டிரினிடாட் போன்ற பெரிய தீவுகளும் இருக்கும் காரிகாம் எனப்படும் கரீபியச் சமூகம். மூன்றாவது, வெனிசுவேலா எண்ணெய்ப் பணத்தில் கட்டிய ஆல்பா என்ற கூட்டணியும், எண்ணெயைக் கடனுக்குத் தரும் அதன் பெட்ரோகரீபே திட்டமும். மூன்றும் வட்டார ஒருங்கிணைப்பு என்றே பேசுகின்றன. செய்வது மட்டும் வேறு வேறு.

முன்கதை கொஞ்சம்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் ஒரு நாடு போலத்தான் தோன்றும். நாடாகவும் கொஞ்ச காலம் இருந்தது. பிரிட்டன் 1958 ஜனவரியில் பத்துத் தீவு மாகாணங்களைச் சேர்த்து மேற்கிந்தியக் கூட்டாட்சியை உருவாக்கியது. 1961 செப்டம்பரில் ஜமைக்காவில் பொதுவாக்கெடுப்பு வந்தது. சுமார் 54 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். சிறிய தீவுகளுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ், பத்தில் ஒன்று போனால் மீதி பூஜ்ஜியம் என்று கணக்குச் சொல்லித் தன் தீவையும் விலக்கிக்கொண்டார். 1962 மே மாதத்தோடு கூட்டாட்சி முடிந்தது.

பெரியவர்கள் ஆளுக்கொரு சுதந்திரம் வாங்கிக்கொண்டு கிளம்ப, சின்னத் தீவுகள் நடுவழியில் நின்றன. இன்றுள்ள மூன்று கூட்டணிகளையும் இந்த நினைவோடு பார்த்தால்தான் புரியும். பெரிய அண்ணன்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுவார்கள் என்பது கிழக்குக் கரீபியத் தீவுகள் பட்டுத் தெரிந்துகொண்டது.

பணம்: இங்கே போட்டியே இல்லை

ஓ.இ.சி.எஸ்.ஸின் சுதந்திர நாடுகள் ஆறு: ஆன்டிகுவா, டொமினிக்கா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட். இவற்றோடு பிரிட்டனின் கீழுள்ள மான்செராட், அங்குவிலா ஆகியவற்றையும் சேர்த்து எட்டு இடங்களில் ஒரே நாணயம் ஓடுகிறது, கிழக்குக் கரீபிய டாலர். 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. அன்று வைத்த விகிதம் இன்றும் மாறவில்லை.

காரிகாமின் பெரிய நாடுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜமைக்கா 1969இல் சொந்த டாலரை வெளியிட்டபோது அது அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியது. இன்று ஒரு அமெரிக்க டாலர் வாங்க 150 ஜமைக்க டாலருக்கு மேல் வேண்டும். கயானாவில் 200ஐத் தாண்டுகிறது. காரிகாமுக்கும் பொது நாணயக் கனவு இருந்தது, கனவாகவே நின்றுவிட்டது.

குட்டித் தீவுகளால் எப்படி முடிந்தது? அவற்றின் மத்திய வங்கி செயின்ட் கிட்ஸில் இருக்கிறது, 1983இல் தொடங்கியது. வெளியிடும் பணத்துக்கு ஈடாகக் குறைந்தது 60 சதவீதம் அந்நியச் செலாவணி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பைக் குறைக்க வேண்டுமானால் எல்லா உறுப்பினர்களும் ஒப்ப வேண்டும். தேர்தல் வருகிறது, கொஞ்சம் அச்சடித்துக் கொடு என்று ஒரு பிரதமர் தொலைபேசியில் சொல்லிவிட முடியாது. மற்ற ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தலைவர்களின் தொலைநோக்கு என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பிரிட்டிஷ் காலத்துப் பொது நாணயத்தில் டிரினிடாட்டும் கயானாவும் பார்படோஸும் கூட இருந்தன. முதல் இரண்டும் 1960களில் விலகின, பார்படோஸ் 1970களின் தொடக்கத்தில். தனி நாணயம் நடத்தும் தெம்பு இருந்தவர்கள் போய்விட்டார்கள், இல்லாதவர்கள் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்கள் எதையும் புதிதாக விட்டுக்கொடுக்கவில்லை. தனி நோட்டு என்ற ருசியையே அவர்கள் பார்த்ததில்லை. கையில் இருக்கும் அதிகாரத்தைப் பறிகொடுப்பதைவிட, கைக்கே வராததை வேண்டாம் என்று விடுவது சுலபம். பொது நாணயம் வேண்டும் என்று பேசும் மற்ற வட்டாரங்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

பொது நாணயம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் இல்லை. டொமினிக்கா 2004இலும் செயின்ட் கிட்ஸ் 2012இலும் கடனைக் கட்ட முடியாமல் கடன்காரர்களோடு உட்கார்ந்து தவணையை மாற்ற வேண்டி வந்தது. கிரெனடாவுக்கு அது இரண்டு முறை நடந்தது. நோட்டின் மதிப்பு நின்றது, கஜானா நிற்கவில்லை.

போக வர

ஓ.இ.சி.எஸ். நாடுகள் 2010இல் தங்கள் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதின. 2011 ஆகஸ்டிலிருந்து ஒரு தீவுக்காரர் இன்னொரு தீவில் போய் வாழலாம், வேலை பார்க்கலாம், அனுமதிச் சீட்டு தேவையில்லை. சுங்கம், நாணயக் கொள்கை, வணிகக் கொள்கை, கடல் எல்லை, விமானப் போக்குவரத்து ஆகிய ஐந்து துறைகளில் கூட்டாக எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

காரிகாம் இதே பேச்சை 1989இலேயே தொடங்கியது. பட்டதாரிகள், ஊடகக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், கலைஞர்கள் என்று வகை வகையாகப் பிரித்து, தகுதிச் சான்றிதழ் வாங்கினால் போகலாம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். 2011இல் பார்படோஸ் விமான நிலையத்தில் ஒரு ஜமைக்கப் பெண்ணைச் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். கரீபிய நீதிமன்றம் 2013இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: காரிகாம் குடிமகன் எவரும் தொந்தரவில்லாமல் நுழைந்து ஆறு மாதம் வரை தங்கலாம். தலைவர்கள் பல மாநாடுகளில் இழுத்தடித்ததை ஒரு தனி மனுஷியின் வழக்கு நகர்த்தியது.

முழுச் சுதந்திரமான நடமாட்டம் 2025 அக்டோபர் 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதுவும் பார்படோஸ், பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் என நான்கு நாடுகளுக்குள் மட்டும். பதினைந்து உறுப்பினர்களில் விரும்பியவர்கள் முன்னே போகட்டும் என்று விட்டதே காரிகாமுக்குப் பெரிய மாற்றம். 1992இல் ஷ்ரீதத் ராம்ஃபால் தலைமையிலான குழு, முடிவுகளைச் செயல்படுத்த அதிகாரமுள்ள ஆணையம் ஒன்று வேண்டும் என்றபோது தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். அதிகாரம் தலைநகரங்களை விட்டு வெளியே போகக்கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

சரி, உரிமை வந்துவிட்டது, எதில் போவது? தீவுகளை இணைத்த லியாட் விமான நிறுவனம் 2020இல் நொடித்துப்போனது. புதிய வடிவத்தில் அது 2024இல் பறக்கத் தொடங்கினாலும், பக்கத்துத் தீவுக்குப் போகும் டிக்கெட் விலையைப் பற்றிய புலம்பல் அங்கே ஓயவில்லை. இதில் எந்தக் கூட்டணியும் பாஸ் மார்க் வாங்கவில்லை.

நீதிமன்றக் கூத்து

அந்தக் கரீபிய நீதிமன்றம் 2005இல் டிரினிடாட் தலைநகரில் திறக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு இறுதி மேல்முறையீட்டை நம் மண்ணிலேயே முடிப்போம் என்பது இதன் நோக்கங்களில் ஒன்று. இன்றுவரை அதற்கு மாறியவை ஐந்தே நாடுகள்: பார்படோஸ், கயானா, பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் லூசியா. நீதிமன்றக் கட்டடத்தை வைத்திருக்கும் டிரினிடாட் இன்னும் லண்டனுக்குத்தான் மேல்முறையீடு செய்கிறது. கிரெனடா மக்கள் இரண்டு தடவை பொதுவாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள், ஆன்டிகுவா மக்கள் ஒரு தடவை. உள்ளூர் அரசியல்வாதிக்கு எட்டாத தூரத்தில் நீதிபதி இருப்பதே நல்லது என்று மக்கள் நினைக்கிறார்கள். அந்தப் பயத்தை வெறும் காலனி மோகம் என்று தள்ளிவிட முடியாது.

இந்த விஷயத்திலும் ஓ.இ.சி.எஸ். தீவுகளுக்குப் பழைய சொத்து ஒன்று இருக்கிறது. 1967 முதல் அவற்றுக்கு ஒரே உயர் நீதிமன்றம். அதன் மேல்முறையீட்டு நீதிபதிகள் தீவு தீவாகப் போய் வழக்குக் கேட்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பொதுவாக்கெடுப்பு கேட்பதில்லை.

எண்ணெய் தந்த உறவு

இனி மூன்றாவது கூட்டணி. 2005 ஜூனில் வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் பெட்ரோகரீபேயைத் தொடங்கினார். எண்ணெய் வாங்கினால் விலையில் ஒரு பங்கை 90 நாளில் கொடுத்தால் போதும். மீதியை 25 வருடம் வரை 1 சதவீத வட்டியில் அடைக்கலாம். சந்தை விலை ஏற ஏறக் கடனாகக் கிடைக்கும் பங்கும் ஏறும், பீப்பாய் 100 டாலரைத் தாண்டினால் 60 சதவீதம். அரிசி, பயறு கொடுத்தும் கடனைக் கழிக்கலாம், கயானா அரிசி அனுப்பியது. சொந்தமாக எண்ணெய் விற்ற டிரினிடாட் இதில் சேரவில்லை, பார்படோஸும் சேரவில்லை.

கையில் காசு வந்தது உண்மை. செயின்ட் வின்சென்ட்டில் 2017இல் திறந்த ஆர்கைல் விமான நிலையத்தில் வெனிசுவேலா, கியூபா உதவிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன் பெரிய விமானம் எதுவும் அந்தத் தீவில் நேராக வந்து இறங்க முடியாது. முப்பது வருடம் மாநாடு நடத்திய காரிகாம் இப்படி எதைக் காட்ட முடியும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் இது ஒருங்கிணைப்பு இல்லை. ஒரே கடைக்காரரிடம் எல்லோரும் தனித்தனியாகக் கணக்கு வைத்தார்கள், கடைக்காரர் நொடித்ததும் எல்லார் கணக்கும் நின்றது. 2015இலேயே ஜமைக்கா சுமார் 300 கோடி டாலர் கடனை 150 கோடி கொடுத்து முடித்துக்கொண்டது, அவ்வளவு பணமுடையில் இருந்தது வெனிசுவேலா. கயானாவின் அரிசி ஏற்பாடும் அதே வருடம் முறிந்தது, வெனிசுவேலாவோடு இருக்கும் எஸ்ஸெகிபோ எல்லைத் தகராறு சூடானது ஒரு காரணம். ஹெய்ட்டியில் பெட்ரோகரீபே பணம் எங்கே என்று கேட்டு 2018இல் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

எண்ணெய் விசுவாசத்தையாவது வாங்கியதா? 2019 ஜனவரி 10 அன்று, சாவேஸுக்குப் பின் வெனிசுவேலா அதிபரான மதுரோவின் புதிய பதவிக்காலத்தை ஏற்க மறுக்கும் தீர்மானம் அமெரிக்க நாடுகள் அமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்தது. காரிகாமின் 14 சுதந்திர நாடுகளில் ஆறு ஆதரித்தன, மூன்று எதிர்த்தன, ஐந்து ஒதுங்கின. ஓ.இ.சி.எஸ். ஆறும் எப்படிப் பிரிந்தன தெரியுமா? கிரெனடாவும் செயின்ட் லூசியாவும் தீர்மானத்துக்கு ஆதரவு, டொமினிக்காவும் செயின்ட் வின்சென்ட்டும் எதிர்ப்பு, மற்ற இரண்டும் ஒதுங்கின. ஆறுமே பெட்ரோகரீபேயில் சேர்ந்தவை. ஒரே நாணயம், ஒரே நீதிமன்றம், ஒரே எண்ணெய்த் திட்டம் எல்லாம் இருந்தும் வெளியுறவில் இரண்டிரண்டாகப் பிரிந்தன.

வெளியுறவுதான் எல்லாக் கூட்டணிகளும் தடுக்கி விழும் இடம். 1983இல் கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோதும் இப்படித்தான். டொமினிக்கா பிரதமர் யூஜீனியா சார்ல்ஸ், அமெரிக்க அதிபர் ரீகன் பக்கத்தில் நின்று அதை நியாயப்படுத்தினார், டிரினிடாட்டும் கயானாவும் எதிர்த்தன. 2025இல் வெனிசுவேலா கடற்பக்கம் அமெரிக்கக் கப்பல்கள் வந்தபோது காரிகாம் தலைவர்கள் அமைதி மண்டலம் என்று அறிக்கை விட்டார்கள். டிரினிடாட் மட்டும் அதில் சேராமல் தன் நிலைப்பாட்டைத் தனியே வைத்துக்கொண்டது.

காரிகாமுக்காக ஒரு வார்த்தை

இதுவரை படித்தால் காரிகாம் வெறும் பேச்சுக் கச்சேரி என்று தோன்றலாம். அது முழு உண்மை இல்லை. 2004 ஐவன் புயல் கிரெனடாவைப் புரட்டிப்போட்ட பிறகு, காரிகாம் தலைவர்கள் கேட்டுக்கொண்டதால் 2007இல் பேரிடர்க் காப்பீட்டு நிதி ஒன்று உருவானது. 2017 செப்டம்பரில் மரியா புயல் டொமினிக்காவைத் தாக்கியபோது சேதம் அந்த நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். அந்த நிதி சில வாரங்களுக்குள் சுமார் 1.9 கோடி டாலர் கொடுத்தது. சேதத்தின் முன் அது சிறு தொகைதான். ஆனால் சம்பளம் போடக் காசில்லாத வாரத்தில் வந்த பணம். ஆறு குட்டித் தீவுகள் மட்டும் சேர்ந்து இப்படியொரு காப்பீடு நடத்த முடியாது, எல்லாம் ஒரே புயல் பாதையில் கிடப்பவை. ஆபத்தைப் பரப்ப ஜமைக்காவும் டிரினிடாட்டும் வேண்டும்.

கடவுச்சீட்டு வியாபாரம்

ஓ.இ.சி.எஸ். தீவுகளுக்குள்ளேயே முதுகில் குத்திக்கொண்டதும் நடந்தது. ஐந்து நாடுகள் பணத்துக்குக் குடியுரிமை விற்கின்றன. வங்கி மோசடி வழக்கில் இந்தியா தேடிய மெகுல் சோக்சி ஆன்டிகுவா குடியுரிமை வாங்கியிருந்தது நமக்கு நினைவிருக்கும். ஒரு தீவு விலையைக் குறைக்க அடுத்த தீவும் குறைத்தது. டொமினிக்காவில் ஒரு லட்சம் டாலருக்குக் கிடைத்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் முறைத்த பிறகு, 2024 மார்ச்சில் நான்கு நாடுகள் குறைந்தபட்சம் இரண்டு லட்சம் என்று ஒப்பந்தம் போட்டன, செயின்ட் லூசியா பிறகு சேர்ந்தது. சொந்தமாக வருமானம் தரும் சரக்கு ஒன்று கையில் வந்ததும் இவர்களும் பெரிய தீவுகள் போலத்தான் நடந்துகொண்டார்கள்.

டொமினிக்காவின் இடத்தில் இருந்தால் நான் ஓ.இ.சி.எஸ்.ஸை முதலில் வைப்பேன், காப்பீட்டுக்கும் பெரிய மேடைகளில் பேசவும் காரிகாமை வைத்துக்கொள்வேன், எண்ணெய்க் கடனைக் கடன் என்ற கணக்கில் மட்டும் எழுதுவேன். அப்படியானால் நன்றாக நடக்கும் ஓ.இ.சி.எஸ்.ஸைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். அதையும் யோசித்தார்கள். 2008 ஆகஸ்டில் டிரினிடாட் பிரதமர் பேட்ரிக் மேனிங், கிரெனடா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் தலைவர்களோடு கூட்டறிக்கை விட்டார்: 2011இல் பொருளாதார ஒன்றியம், 2013இல் அரசியல் ஒன்றியம். டிரினிடாட்டின் மக்கள்தொகை சுமார் 14 லட்சம், ஓ.இ.சி.எஸ். ஆறும் சேர்ந்து அதில் பாதிகூட வராது. எரிவாயுப் பணம் வேறு. ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்த மேசையில் அப்படியொருவர் வந்து உட்கார்ந்தால் யார் சொல் எடுபடும் என்று தீவுகள் கணக்குப் போடும் முன்பே, 2010 மே தேர்தலில் மேனிங் தோற்றார். அடுத்து வந்த அரசு அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை.