முழுப் பணமும் முன்னால் கேட்கும் ‘கைத்தறி’ப் பக்கங்கள்: வீட்டைக் குறைந்த செலவில் அலங்கரிக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

சமூக வலைத்தளத்தில் கைத்தறிப் பொருள் விற்பதாகச் சொல்லும் ஒரு பக்கத்திடம் 2,850 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பக்கத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, அது இதற்குள் வேறு பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் வியாபாரம் செய்யும் விதம் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொன்னால் அடுத்த பெயரிலும் அடையாளம் காணலாம்.

நான் கேட்டவை: வாடகை வீட்டுக் கூடத்தில் விரிக்க நான்குக்கு ஆறு அடியில் ஒரு பவானி ஜமக்காளம், அதே துணியில் தைத்த இரண்டு குஷன் உறைகள், எனக்குத் தெலங்கானாவின் போச்சம்பள்ளி இக்கத் துணியில் ஒரு குர்தி. விலை அடிமாட்டு விலையாக இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இவர்கள் கடைவிலையைவிடக் கொஞ்சமே குறைத்துச் சொல்கிறார்கள். ‘இடைத்தரகர் இல்லை, நெசவாளரிடமிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு’ என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் அந்தக் குறைவுக்கு நியாயமும் கிடைத்துவிடுகிறது. படத்தில் கைத்தறி முத்திரைச் சீட்டு வேறு பளிச்சென்று தெரிந்தது.

வந்த பொதியில் இருந்தது பாலியெஸ்டர் விரிப்பு. மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக அச்சடித்திருந்தார்கள். அடியில் வழுக்காமலிருக்க ரப்பர் புள்ளிகள்! பவானி ஜமக்காளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது முரட்டுப் பருத்தி நூலில், குழிக்குள் கால்வைத்து மிதித்து இயக்கும் குழித்தறியில் நெய்வது. பட்டைகள் நெசவிலேயே வருபவை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்வதையே 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தடுக்கிறது. எனக்கு வந்ததோ விசைத்தறிப் போலி என்ற கௌரவத்துக்குக்கூடத் தகுதியில்லாத சரக்கு.

குர்தியும் அதே கதை. இக்கத்தில் நூலைக் கட்டிச் சாயமேற்றிய பிறகே நெய்வார்கள். அதனால் துணியின் உட்பக்கத்திலும் நிறம் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கும், உருவங்களின் ஓரம் லேசாகக் கலைந்தாற்போல் தெரியும். என் குர்தியைத் திருப்பினால் உட்புறம் வெளிறிக் கிடந்தது. பூக்களின் ஓரமெல்லாம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மை. தையலோரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது சுருண்டு உருகி, கறுப்பாகக் கெட்டி மணியாய் நின்றது.

சரி, திருப்பி அனுப்பலாம் என்றால் அங்கேதான் அவர்களுடைய உண்மையான தொழில் தொடங்குகிறது. பொதியைத் திறப்பதை நிறுத்தாமல் வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எடுத்திருந்தேன், அனுப்பினேன்.

“அக்கா, வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்.”

“நிறத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. இது பருத்தியே இல்லை, தம்பி.”

“வீடியோவில் பொதியின் ஆறு பக்கமும் தெரியவில்லை, மேடம்.”

பிறகு பணத்துக்குப் பதிலாக ‘கிரெடிட்’ தருவதாகச் சொன்னார்கள். அதை ஒரு மாதத்துக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டும், பொருள் போகவர ஆகும் கூரியர் செலவும் என்னுடையது. மறுத்தேன். என் எண்ணை முடக்கிவிட்டார்கள். பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதவும் வழியில்லை, அதை முன்பே அடைத்து வைத்திருக்கிறார்கள். விலையைக்கூடப் பொதுவில் போடாமல் தனிச் செய்தியில் மட்டும் சொல்வதன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். எதுவும் வெளியே தெரிவதில்லை.

கூரியர் தடத்தைப் பார்த்தால் பொதி கிளம்பிய ஊர் சூரத். செயற்கை இழைத் துணிக்குப் பேர்போன ஊர். பவானியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நெசவாளரிடமிருந்து நேராக வந்தது இப்படித்தான். ஜமக்காளப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியபோது, அதே படம், அதே தரை, ஓரத்தில் அதே குத்துவிளக்கு, வேறு வேறு பெயர்களில் வேறு வேறு விலைகளில் கிடைத்தது.

‘விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்று பக்கத்தின் முகப்பில் எழுதிவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்று விற்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நம்பிவிடுகிறார். அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் வெளியிட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் முகவரி என்று இருந்தது ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்பது விற்றவரின் பெயரும் ஊரும். யுபிஐ ரசீதில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். பொதியின் மேல் ஒட்டிய சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டால் அது வேறு வகை. உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். எத்தனை சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு யார் அலைவது என்று நாம் நினைப்போம் என்பதுதான் இவர்களின் முதலீடே.

இவ்வளவும் எழுதிவிட்டு, மலிவாக நல்ல பொருள் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் போவது சரியல்ல. கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்தில் வழக்கமாக 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஜமக்காளத்தைக் கையால் தடவிப் பார்த்தே வாங்கலாம். சென்னிமலைப் போர்வையைச் சோபாவின் மேல் விரித்தால் எந்தக் காணொளி அலங்காரமும் அதன் பக்கத்தில் நிற்காது, இது என் சொந்தக் கருத்து. ஈரோட்டுப் பக்கம் போகிறவர்கள் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையைப் பார்க்கலாம், ஆனால் அங்கே எல்லாமே கைத்தறி இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இணையத்தில்தான் வாங்குவேன் என்றால், துணியின் உட்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். பருத்தி பெரும்பாலும் உறிஞ்சிவிடும், பாலியெஸ்டரில் சொட்டு கொஞ்ச நேரம் உருண்டு நிற்கும். உண்மையான கைத்தறி விற்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு சிறு விற்பனையாளர் கேட்காமலே குறுக்கு நூலான ஊடையையும் நெடுக்கு நூலான பாவையும் பிரித்துக் காட்டுவார்.

அந்தப் பக்கம் இப்போது பித்தளைப் பொருள்களும் விற்கிறது, குத்துவிளக்கு உட்பட. என் பணம் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.