இரிடியம் ஸ்பார்க் பிளக்: ஆறு ஆண்டுகள், 61,000 கிலோமீட்டர்

என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு மாடல் ஸ்விஃப்ட்; 1,197 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் தனித்தனிக் காயில். சேலத்துக்குள் தினசரி ஓட்டம், மாதத்தில் இரண்டு முறையாவது ஏற்காடு மலைப்பாதை, அவ்வப்போது கோவை நெடுஞ்சாலை என்று எல்லா வகைச் சாலையிலும் ஓடும் வண்டி. 2018இல், 38,000 கிலோமீட்டரில், வண்டியோடு வந்த, நிக்கல் முனை கொண்ட ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றைப்போல் நான்கு மடங்கு விலையுள்ள இரிடியம் பிளக்குகளைப் போட்டேன்.

முதல் வாரத்திலேயே மாற்றம் தெரிந்தது. காலையில் எஞ்சின் தயங்காமல் பிடித்தது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் குறைந்தது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது பிக்கப் கூடியதாக உணர்ந்தேன். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் மைலேஜ் லிட்டருக்கு 16.1இலிருந்து 16.7 ஆகியிருந்தது. அன்றே இந்த அனுபவத்தை எழுதியிருந்தால் இரிடியத்தை மனதாரப் பாராட்டியிருப்பேன். அது தவறான முடிவாக இருந்திருக்கும்.

கழற்றிய பழைய பிளக்குகளைப் பின்னர் ஒருநாள் அளந்தபோதுதான் ஐயம் எழுந்தது. பொறி தாண்டும் இரு முனைகளுக்கிடையே 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி, நான்கிலும் தேய்ந்து 1.3 ஆகியிருந்தது. இடைவெளி கூடினால் அதைத் தாண்டத் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடும். எஞ்சின் பாரம் இழுக்கையில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகும்போது அந்தத் தேவை இன்னும் ஏறும். ஆகவே நான் ஒப்பிட்டது இரிடியத்தையும் நிக்கலையும் அன்று, புதிய பிளக்கையும் தேய்ந்த பிளக்கையும்.

இதைத் தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. 52,000 கிலோமீட்டரில் இரிடியத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே வெப்ப எண் (பிளக் வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறிக்கும் எண்) கொண்ட புத்தம் புதிய நிக்கல் பிளக்குகளைப் போட்டேன். முதல் மலைப்பயணத்திலேயே, பத்தாவது வளைவைத் தாண்டியதும், எஞ்சின் மிஸ் ஆகி (சிலிண்டரில் கலவை பற்றாமல் போய்) எச்சரிக்கை விளக்கு மினுக்கத் தொடங்கியது. அந்த விளக்கு மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். வண்டியை ஓரங்கட்டி, பாரம் கொடுக்காமல் மெதுவாக இறக்கினேன். நிக்கல் மட்டம் என்று தீர்மானிக்கவே இருந்தேன். கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல். மாட்டிய பட்டறையில் சாக்கெட்டைச் சாய்த்துப் பிடித்து இறுக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றியபின் 5,000 கிலோமீட்டருக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

அந்த 5,000 கிலோமீட்டரில் கிடைத்த மைலேஜ் 16.6. ஆளில்லாத சமவெளிச் சாலையில், மூன்றாவது கியரில் 40இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தை வீடியோ எடுத்துக் கணக்கிட்டேன்: இரிடியத்தோடு பத்து விநாடி, புதிய நிக்கலோடும் பத்து விநாடி. ஒரே பிளக்கோடு அடுத்தடுத்து ஓட்டினாலே 0.2, 0.3 விநாடி மாறுவதால், அதற்குக் குறைந்த வேறுபாட்டை நான் வேறுபாடாகக் கொள்ளவில்லை. காலையில் எஞ்சின் பிடிப்பதிலும் வித்தியாசம் தெரியவில்லை. சேலத்துக் குளிர் அதைச் சோதிக்கப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

காரணம் விளங்காததன்று. சக்தி வருவது உள்ளே போகும் காற்றிலிருந்தும் அதற்கு ஏற்ற பெட்ரோலிலிருந்தும்; தீப்பொறி அந்தக் கலவையைப் பற்றவைக்கிறது, அவ்வளவே. கலவை ஒவ்வொரு முறையும் தவறாமல் பற்றிக்கொள்ளும் எஞ்சினில் பொறியை மேம்படுத்துவதால் கூடுதலாக எரிய எதுவும் இல்லை. நிக்கல் பிளக்கின் நடுமுனை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரிடியத்தில் அது 0.4 முதல் 0.6 வரைதான். மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். அப்போது பிறக்கும் சிறு தீச்சுடரின் வெப்பத்தையும் அது அதிகம் உறிஞ்சாது. அழுத்தம் மிகுந்த டர்போ எஞ்சின்களிலும் பெட்ரோல் குறைந்த கலவையிலும் இது பயன்படக்கூடும். என் எஞ்சினுக்கு அந்த நெருக்கடி இல்லை.

இரிடியத்தின் உண்மையான சிறப்பு அதன் உழைப்பு. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் உருக 2,440 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவேதான் அவ்வளவு மெல்லிய முனையும் பொறியின் அரிப்பைத் தாங்குகிறது. சோதனை முடிந்ததும் 57,000இல் அவற்றைத் திரும்பப் போட்டு, 2024இல் 1,04,000 ஆனபோது நிரந்தரமாகக் கழற்றினேன். நடுமுனை அப்போதும் கூர்மையாகவே இருந்தது. ஆனால் அதற்கு எதிரே வளைந்து நிற்கும் தரைமுனையில் பள்ளம் விழுந்து இடைவெளி 1.2ஐ நெருங்கியிருந்தது, ஏனெனில் நான் வாங்கியது நடுவில் மட்டும் இரிடியம் கொண்ட வகை, தரைமுனை நிக்கல்தான். தரைமுனையிலும் பிளாட்டினம் வைத்த வகையே 1,00,000 கிலோமீட்டருக்கு நம்பத்தக்கது. வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டைப்பெட்டியின் முகப்பில் இரண்டுக்கும் இரிடியம் என்றே பெயர்.

இந்த ஆறு ஆண்டு மைலேஜ் கணக்கில் பிளக்கோடு தொடர்பில்லாத ஒன்றும் கலந்திருக்கிறது. 2019–20இல் பெட்ரோலில் சுமார் 5 சதவீதமாக இருந்த எத்தனால் 2022இல் 10 சதவீதத்தை எட்டியது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடைசி ஆண்டுகளில் என் வண்டிக்கு 16.3 கிடைத்ததை பிளக்கின் மீது ஏற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் அதற்கு முன் எடுத்த 16.7, 16.6 ஆகிய இரண்டை மட்டுமே நான் ஒப்பீட்டுக்கு நம்புகிறேன்.

மாற்ற விரும்புவோர் எஞ்சின் முழுவதும் ஆறியபின் கழற்றுங்கள். அலுமினியத் தலையில் மரை போனால் செலவு பிளக் விலையைப்போல் பல மடங்கு. கையால் முழுதும் திருகியபின், 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் இறுக்குவது போதும். வெப்ப எண்ணைக் கையேட்டில் உள்ளபடியே வையுங்கள். இரிடியம் முனை எளிதில் உடையும். இடைவெளியைச் சரிசெய்ய அதை நெம்பவே கூடாது.

நான் இப்போது ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். நிக்கலைப்போல் நான்கு மடங்கு விலை கொடுத்து இரண்டு மடங்குக்கும் குறைவான ஆயுளைப் பெற்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. 1,04,000இல் நிக்கலையே போட்டேன். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடும் தம்பியின் டர்போ வண்டிக்கு, இரு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த இரிடியத்தை நானே வாங்கிக் கொடுத்தேன்.